ஏழு மலைகளில் ஒரு நடை

ஜெர்மனியில், ரைன் நதியின் கிழக்குக் கரையில் டிராக்கன்ஃபெல்ஸ் என்றொரு குன்று இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாளில் அதன் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு கோபுரங்கள் தெரியும். அவை கொலோன் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கோபுரங்கள். ஒவ்வொன்றும் 157 மீட்டர் உயரம். ஆனால், இங்கிருந்து பார்க்கும்போது தரையில் ஊன்றிய இரண்டு ஊசிகளைப் போலத்தான் தோன்றும்.

அந்தத் தேவாலயத்திற்கும் இந்தக் குன்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தேவாலயத்தின் பழைய பகுதியைக் கட்டப் பயன்பட்ட கற்களில் பெரும்பாலானவை இந்தக் குன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. குன்று கொஞ்சம் கொஞ்சமாகப் படகேறி, நதிவழியே நகரத்திற்குப் போய்ச் சுவராக எழுந்தது என்றுகூடச் சொல்லலாம். அது அப்படியே தொடர்ந்திருந்தால், இன்று நாம் ஏறி நின்று பார்க்க உச்சியே இருந்திருக்காது. உச்சி எவ்வாறு தப்பியது? வாருங்கள், நடந்துகொண்டே தெரிந்துகொள்வோம்.

டிராக்கன்ஃபெல்ஸ் தனிக் குன்று அன்று. பான் நகரத்திற்குத் தென்கிழக்கே உள்ள ஒரு மலைத்தொகுதியின் ஓரத்தில் அது நிற்கிறது. அத்தொகுதியின் பெயர் ஸீபென்கெபிர்கெ. ஜெர்மன் மொழியில் ‘ஸீபென்’ என்றால் ஏழு. ‘கெபிர்கெ’ என்றால் மலைத்தொடர். ஏழு மலைகள் என்பது பெயர்தானே தவிர, எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள் இருக்கின்றன. நதியில் படகில் வருவோரின் கண்ணுக்கு ஏழு முக்கியமான உச்சிகள் தெரிவதால் இப்பெயர் வந்தது என்பார்கள் சிலர். ஈரமான பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லே மருவி ‘ஏழு’ ஆயிற்று என்பார்கள் வேறு சிலர்.

மலை என்றதும் பனி மூடிய சிகரங்களைக் கற்பனை செய்துவிடாதீர்கள். இங்குள்ளவற்றுள் மிக உயரமானது ஓல்பெர்க். அதன் உயரம் 460 மீட்டர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களைவிடச் சற்றே அதிகம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. டிராக்கன்ஃபெல்ஸின் உயரமோ 321 மீட்டர்தான். காலையில் புறப்படும் ஒருவர் மாலைக்குள் மூன்று நான்கு உச்சிகளைப் பார்த்துவிட்டு, இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். ஏறுவது எளிது என்பதால்தான் இவற்றுக்கு ஆபத்தும் வந்தது.

நடக்கத் தொடங்கும் முன், இக்குன்றுகள் உருவான கதையைக் கேளுங்கள். ஏறக்குறைய 25 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இங்கே பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்து விரிசல் கண்டது. அவ்விரிசல்கள் வழியே அடியிலிருந்த பாறைக்குழம்பு மேலே வந்தது. முதலில் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. சாம்பலும் கல்துகள்களும் வானில் எழுந்து, நிலத்தின்மேல் தடித்த போர்வையாகப் படிந்தன. அப்போர்வை நாளடைவில் இறுகி, மென்மையான சாம்பற்பாறை ஆனது. பிறகு வந்த பாறைக்குழம்பில் ஒரு பகுதி வெளியே வழியவில்லை. அது சாம்பற்பாறைக்குள்ளேயே சிக்கி, உப்பி, மெல்ல மெல்லக் குளிர்ந்து கடினமான பாறையாயிற்று.

அடுத்த பல மில்லியன் ஆண்டுகளில் மழையும் ஓடைகளும் மென்மையான சாம்பற்பாறையை அரித்துக்கொண்டு போயின. கடினமான பாறைகள் மட்டும் எஞ்சி நின்றன. மாம்பழத்தைச் சாப்பிட்டபின் சதை போய்க் கொட்டை மட்டும் மிஞ்சுவதைப் போன்றது இது. ஆகவே, இவற்றின் உச்சியில் தீ கக்கிய வாயைத் தேடாதீர்கள். ஒரு காலத்தில் நிலத்தின் வயிற்றுக்குள் இருந்த பாறையின்மேல்தான் நாம் ஏறப்போகிறோம்.

கோனிக்ஸ்வின்டர் என்ற சிற்றூரில் நம் நடை தொடங்குகிறது. ஊரின் ஒரு பக்கம் ரைன் நதி. மறுபக்கம் டிராக்கன்ஃபெல்ஸின் அடிவாரம். மேலே போகும் பாதைகளுள் ஒன்றுக்குக் ‘கழுதைப் பாதை’ என்று பெயர். அக்காலத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கழுதைகள் சுமந்துகொண்டு இவ்வழியே ஏறின. 1883ஆம் ஆண்டு பல்சக்கர ரயில் வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களை ரயிலின் சக்கரம் பிடித்துக்கொண்டு ஏறுவதால் வண்டி சறுக்காது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் 220 மீட்டர் உயரம் ஏறும் இந்த ரயில் இன்றும் ஓடுகிறது. ஜெர்மனியில் இன்று இயங்கும் பல்சக்கர ரயில்களுள் இதுவே மிகப் பழையது. முழங்கால் வலிப்பவர்கள் அதில் ஏறிக்கொள்ளட்டும், நாம் நடப்போம்.

பாதி வழியில் கூரிய கோபுரங்களோடு ஓர் அரண்மனை தென்படும். பல நூறு ஆண்டுகள் பழைமையானது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், பங்குச் சந்தையில் பணம் சேர்த்த ஒரு செல்வர் 1882 முதல் 1884 வரை கட்டிய மாளிகை அது. பழைய கோட்டை போலத் தோன்றவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியவர், கடைசிவரை அதில் குடியிருக்கவே இல்லை.

உண்மையான பழைய கோட்டை உச்சியில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கொலோன் பேராயர் கட்டிய கோட்டை அது. முப்பது ஆண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1634ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. இப்போது உடைந்த பல்லைப்போல ஒரு கோபுரத்தின் பகுதி மட்டும் நிற்கிறது.

டிராக்கன்ஃபெல்ஸ் என்றால் ‘டிராகன் பாறை’ என்று பொருள். ஸீக்ஃப்ரீட் என்னும் வீரன் இங்கேதான் டிராகனைக் கொன்று, அதன் இரத்தத்தில் குளித்தான் என்பது கதை. இரத்தம் பட்ட இடமெல்லாம் ஆயுதம் துளைக்காத தோலாக மாறியது. ஆனால், குளிக்கும்போது முதுகில் ஓர் இலை விழுந்து ஒட்டிக்கொண்டதால் அந்த இடம் மட்டும் பழையபடியே இருந்தது. பின்னர் அங்கே ஈட்டி பாய்ந்துதான் அவன் இறந்தான். மகாபாரதத்தில் துரியோதனனின் தொடையைப் பற்றிக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

உச்சியில் உள்ள பாறையை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறக் கல்லில் வெளிறிய கட்டங்கள் பதிந்திருக்கும். சில விரல் நகம் அளவு. சில அதைவிடப் பெரியவை. இவை சானிடின் என்னும் கனிமத்தின் படிகங்கள். பாறைக்குழம்பு மேலே ஏறுவதற்கு முன்பே இவை அதற்குள் வளர்ந்துவிட்டன. வெள்ளத்தில் மிதந்துவரும் பலகைகள் நீரோட்டத்தின் போக்கில் திரும்புவதைப் போல, இந்தத் தட்டையான படிகங்களும் குழம்பு நகர்ந்த போக்கில் திரும்பிப் படுத்துக்கொண்டன. ஹான்ஸ் குளோஸ் என்னும் நிலவியல் அறிஞர் 1920களில் இப்படிகங்கள் படுத்திருக்கும் திசைகளை அளந்து, நிலத்துக்குள் பாறை குவிமாடம்போல உப்பியதைக் கண்டறிந்தார். அந்தக் குழம்பு நகர்ந்ததை எந்த மனிதனும் பார்த்ததில்லை. ஆனால், அது எப்படி நகர்ந்தது என்பதைக் கல்லைப் படித்தே சொல்லிவிட முடிந்தது.

இந்தக் கல்லின் பெயர் டிராக்கைட். ரோமானியர்கள் காலத்திலேயே இங்கு கல் வெட்டும் வேலை தொடங்கிவிட்டது. குன்றின் அடியிலேயே நதி ஓடியதுதான் முக்கியக் காரணம். மாட்டுவண்டியில் ஏற்றி மண் சாலையில் கொண்டுபோவது கடினம். இங்கோ வெட்டிய கல்லைக் கீழே இறக்கிப் படகில் ஏற்றினால், நீரோட்டமே அதைக் கொலோனுக்குக் கொண்டு சேர்த்துவிடும். 1248ஆம் ஆண்டு அந்நகரத்தில் பெரிய தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, கல்லுக்காக எல்லாரும் பார்த்தது இந்தக் குன்றைத்தான். கோட்டையில் இருந்த பிரபுக்களுக்கும் கல்லினால் நல்ல வருமானம் கிடைத்தது. தாங்கள் குடியிருக்கும் குன்றையே அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் தேவாலய வேலை பாதியில் நின்றுவிட்டது. முடியாத கோபுரத்தின்மேல் கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நின்றது. அது அந்நகரத்தின் அடையாளமாகவே மாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயத்தைச் செப்பனிட்டுக் கட்டி முடிக்கவேண்டும் என்ற ஆர்வம் மறுபடியும் எழுந்தது. அதற்குக் கல் தேவைப்பட்டது. 1827ஆம் ஆண்டு கோனிக்ஸ்வின்டரைச் சேர்ந்த கல் வெட்டும் தொழிலாளர்கள் டிராக்கன்ஃபெல்ஸின் உச்சியை விலைக்கு வாங்கி வேலையைத் தொடங்கினார்கள்.

இதற்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1816ஆம் ஆண்டு ஆங்கிலக் கவிஞர் பைரன் ரைன் நதிவழியே பயணம் செய்து, இந்தக் குன்றைப் பற்றிப் பாடினார். பின்னர் நீராவிக் கப்பல்களும் வந்தன. இடிந்த கோட்டையையும் நதியின் வளைவையும் பார்ப்பதற்காகவே தொலைதூரத்திலிருந்து மக்கள் வரத் தொடங்கினார்கள். கல்லுக்காக மட்டும் விலைபோன குன்று, காட்சிக்காகவும் மதிக்கப்பட்டது. 1828ஆம் ஆண்டு, கீழே பாறையை வெட்டியதால் கோட்டையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தபோது எதிர்ப்புக் குரல் பலமாக எழுந்தது. அப்பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு வேலையை நிறுத்தச் சொன்னது.

தொழிலாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உச்சியைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சோறு போட்டது இந்தக் கல். தூரத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம் காட்சி பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காக எங்கள் வேலை ஏன் போகவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால், அதற்குப் பதில் சொல்வது எளிதன்று. இழுபறி பல ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் 1836ஆம் ஆண்டு அரசே உச்சியை விலைக்கு வாங்கிக் கல் வெட்டுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இயற்கைக் காட்சியைக் காப்பதற்காக ஓர் அரசு இவ்வாறு செய்தது ஜெர்மனியில் மிகப் புதிய செயல். டிராக்கன்ஃபெல்ஸை அந்நாட்டின் முதல் இயற்கைப் பாதுகாப்பு இடம் என்று பலர் குறிப்பிடுவது இதனால்தான். தேவாலய வேலை 1842இல் மறுபடியும் தொடங்கியது. பிற இடங்களின் கற்களையும் கொண்டு 1880இல் நிறைவடைந்தது.

அரசு தலையிடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அறிய வெகுதூரம் போகவேண்டாம். பக்கத்தில் நிற்கும் வோல்கென்புர்க் குன்றைப் பாருங்கள். ‘மேகக் கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். அங்கேயும் ஒரு கோட்டை இருந்தது. கல் வெட்டி வெட்டி, உச்சியோடு கோட்டையும் மறைந்துவிட்டது. இன்று தலையைச் சீவியதுபோல் மொட்டையாக நிற்கிறது அந்தக் குன்று.

டிராக்கன்ஃபெல்ஸிலிருந்து இறங்கி, பீச் மரக்காட்டு வழியே வடக்கே நடந்தால் பீட்டர்ஸ்பெர்க் குன்றை அடையலாம். அதன் உச்சியில் பெரிய விடுதி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியைக் கண்காணித்த நேச நாடுகளின் உயர் ஆணையர்கள் 1949 முதல் 1952 வரை அங்கிருந்துதான் செயல்பட்டார்கள்.

பீட்டர்ஸ்பெர்கின் மறுபுறம் இறங்கினால் ஹைஸ்டர்பாக் என்னும் பழைய மடாலயத்தின் சிதைவு இருக்கிறது. இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம். 13ஆம் நூற்றாண்டில் துறவிகள் கட்டிய மாபெரும் ஆலயம் இது. 1803ஆம் ஆண்டு மடாலயம் மூடப்பட்டபின், கட்டடத்தை இடித்துக் கல்லை விற்றுவிட்டார்கள். மலையிலிருந்து வந்த கல், சுவராக நின்றபின்னும் விலைபொருளாகவே இருந்தது! அரைவட்டமான கிழக்குப் பகுதி மட்டும் தப்பி, வானத்தையே கூரையாகக் கொண்டு நிற்கிறது.

இம்மடாலயத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. இறைவனின் காலக்கணக்கு மனிதனின் கணக்கைப் போன்றதன்று என்னும் கருத்தை நம்பமுடியாமல் தவித்த இளந்துறவி ஒருவர், யோசித்தபடியே காட்டுக்குள் போய் ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தார். மாலை மணியோசை கேட்டுத் திரும்பி வந்தார். வாசலில் இருந்தவருக்கு அவரைத் தெரியவில்லை. உள்ளே இருந்த ஒருவரையும் அவருக்குத் தெரியவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்தப் பெயருடைய துறவி 300 ஆண்டுகளுக்குமுன் காட்டில் காணாமல் போனதாக எழுதியிருந்தது. கதையைக் கேட்பவர்கள் வியப்பார்கள். பாறைகளின் வயதைக் கணக்கிடும் நிலவியலாளர்களுக்கோ 300 ஆண்டு என்பது ஒரு கண்சிமிட்டல்தான்.

மடாலயத்தைக் கட்டப் பயன்பட்ட கல், சற்றுத் தொலைவில் உள்ள ஸ்டென்ஸெல்பெர்க் குன்றிலிருந்து வந்தது. இப்போது அது கைவிடப்பட்ட கல்குவாரி. வெட்டாமல் விட்ட பாறைத் தூண்கள் மட்டும் மரங்களுக்கிடையே உயர்ந்து நிற்கின்றன. அருகிலுள்ள வைல்பெர்க் குவாரியில் இன்னும் அரிய காட்சி கிடைக்கும். கருமையான பசால்ட் பாறை, பென்சில்களை அடுக்கி வைத்ததுபோல் பல பக்கங்கள் கொண்ட தூண்களாகப் பிளந்திருக்கும். பாறைக்குழம்பு குளிரும்போது சுருங்குவதால் இப்பிளவுகள் உண்டாகின்றன. வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு கட்டம் கட்டமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். பசால்ட்டைச் சுற்றி வெளிறிய சாம்பற்பாறை இருக்கும். கொதிக்கும் குழம்பு சாம்பற்பாறைக்குள் நுழைந்தது என்று முன்னே படித்தோம் அல்லவா? அதை இங்கே நேரிலேயே பார்க்கலாம்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. மனிதர்கள் குன்றை வெட்டியிராவிட்டால் அதன் உட்புறத்தை நாம் பார்த்திருக்கவே முடியாது. கைவிடப்பட்ட குவாரிகளின் செங்குத்தான பாறைச் சுவர்களில் இன்று ஒருவகைக் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. புக்கிட் தீமாவிலும் பழைய கருங்கல் குவாரிகள் நீர் நிரம்பிக் குளங்களாகி, பறவைகள் வந்து தங்கும் இடங்களாக இருக்கின்றன. காயம் ஆறிய இடத்தில் வேறு உயிர்கள் குடியேறிவிட்டன. அதற்காகக் காயமே நல்லது என்று சொல்லிவிட முடியுமா, என்ன?

டிராக்கன்ஃபெல்ஸ் ஒன்றைக் காத்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாலைகளும் கட்டடங்களும் பெருகின. மற்றக் குன்றுகளில் பசால்ட்டை வெட்டும் வேலையும் பெருகியது. 1869ஆம் ஆண்டு அவ்வட்டாரத்து மக்கள் ‘ஏழு மலைகள் அழகுபடுத்தும் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரைப் பார்த்தால் பூச்செடி நடும் சங்கம் என்று தோன்றும். அது பாதைகளை அமைத்தது. வழிகாட்டிப் பலகைகளை நட்டது. அதைவிட முக்கியமாக, பணம் திரட்டி நிலத்தை வாங்கியது. வாங்கிய நிலத்தில் யாரும் கல் வெட்ட முடியாதல்லவா? 1922ஆம் ஆண்டு ஏழு மலைகள் முழுவதும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியானது. இன்றும் அக்காட்டின் ஒரு பகுதி அந்தச் சங்கத்திற்குச் சொந்தமானது.

நடப்பதற்கு இப்போது பாதைகளுக்குப் பஞ்சமில்லை. 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரைன்ஸ்டைக் என்னும் நெடுந்தூர நடைபாதை, பான் முதல் வீஸ்பாடன் வரை 320 கிலோமீட்டர் நீள்கிறது. அது ஏழு மலைகளின் வழியேதான் செல்கிறது. ஆனால் பாதைகள் பெருகுவதும் ஒரு சிக்கல்தான். நடப்பவர்கள் கூடக் கூட, கூடு கட்டும் பறவைகளுக்கு அமைதி குறைகிறது. இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிக் காட்டை அதன்போக்கில் விட்டுவிடலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. 2009ஆம் ஆண்டு பாட் ஹொன்னெஃப் என்னும் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றவர்களே அதிகம். தாங்கள் சிறுவயதுமுதல் நடந்த பாதைகள் மூடப்படுமோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். குன்றை வெட்டுவதா, பார்ப்பதா என்பது 1828ஆம் ஆண்டின் கேள்வி. அங்கே போகலாமா, போகாமல் விட்டுவிடலாமா என்பது இந்தக் காலத்தின் கேள்வி.

இனி ஓல்பெர்க் மட்டும் பாக்கி. கடைசி ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும். உச்சியில் ஓர் உணவகமும், தடுப்புக் கம்பிகளுக்கு அப்பால் விரிந்த காட்சியும் காத்திருக்கின்றன. நதியின் மறுகரைக்கு அப்பால் தெரியும் நீல மேடுகள் ஐஃபெல் மலைப்பகுதி. அங்கே லாக்கர் ஏரி இருக்குமிடத்தில் ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு பெரிய எரிமலை வெடித்தது. நம் காலடியில் உள்ள பாறையோடு ஒப்பிட்டால் அது நேற்று நடந்தது.

இங்கிருந்து டிராக்கன்ஃபெல்ஸ் நம்மைவிடத் தாழ்ந்து தெரியும். உடைந்த கோட்டையின் உருவத்தை வைத்து அதை உடனே அடையாளம் காணலாம். பக்கத்தில் மொட்டைத்தலை வோல்கென்புர்க். ஏழு உச்சிகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் நண்பரையும் எண்ணச் சொல்லுங்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போனால் ஆச்சரியம்தான்.

மாலையில் கோனிக்ஸ்வின்டரில் ரயில் ஏறினால் கொலோனில் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தேவாலயம் எதிரே நிற்கும். எல்லாரும் தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப்போய், பழைய சுவரில் கைக்கு எட்டும் ஒரு கல்லைக் கூர்ந்து பாருங்கள். சாம்பல் நிறத்தின் நடுவே, விரல் நகம் அளவில் வெளிறிய கட்டங்கள் பதிந்திருக்கும்.